அறுபதுக்குப் பின் அந்நிய தேசத் தொண்டு



உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கெல்லாம் கலியாணம் முடித்து, காலைப் பூசை கண்டு வீடு திரும்புகிற ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் கன்னியாஸ்திரி ஒருவர் பூசை முடிவில் நாலு வார்த்தை பேசுகிறார். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதாம், பிள்ளைகளும் இருக்கிறார்களாம்; கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லையாம். அன்றிரவு நம்மவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காப்பி குடிக்கும்போது வீட்டில் மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். மகன் சிரிக்கிறான். மகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மனைவி ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

போகலாமா, போகக்கூடாதா? இதை வெறும் ஆசை என்று தள்ளிவிடவும் முடியாது, தேவ அழைத்தல் என்று உடனே கைதட்டவும் முடியாது. சற்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

வயதைக் காரணம் காட்டி வாயடைப்பவர்களுக்கு முதலில் ஒரு பதில். அபிரகாம் சர்வேசுரன் சொற்கேட்டு ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று ஆதியாகமம் கணக்கு வைத்திருக்கிறது. கர்தினால் போல் எமில் லெழே என்பவர் கனடாவில் மொன்ட்ரியால் அதிமேற்றிராணியாராயிருந்தவர். 1967-ம் வருஷம், தமது 63-ம் வயதில், அந்தப் பெரிய பதவியை ராஜினாமா செய்துவிட்டு, ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்துக்குப் போய் குஷ்டரோகிகளுக்கும் அங்கவீனக் குழந்தைகளுக்கும் ஊழியம் செய்தார். கர்தினால் ஒருவர் அப்படிச் செய்தால் பத்திரிகைகள் எழுதும். நமக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் கர்தினாலுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை என்பதையும் நீங்கள் யோசிப்பீர்கள். நியாயந்தான். ஆகையால் பேரப்பிள்ளைகள் உள்ள ஒருவரைப் பார்ப்போம்.

லில்லியன் கார்ட்டர் அம்மாள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்துக்காரர். நம் சபையைச் சேர்ந்தவரல்லர். பிரிந்த சகோதரரில் பாப்டிஸ்ட் சபையார். 1898-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, அதாவது நமக்குத் தேவமாதா மோட்சாரோபணத் திருநாளன்று பிறந்தவர். நர்ஸ் வேலை படித்தவர். நாலு பிள்ளைகள். 1953-ல் கணவர் இறந்துபோனார். பதின்மூன்று வருஷத்துக்குப் பின் ஒரு நாள் இரவு டெலிவிஷனில் ஒரு விளம்பரம் பார்த்தார். ஜனாதிபதி கென்னடி 1961-ல் ஏற்படுத்திய 'பீஸ் கோர்' என்னும் சமாதானத் தொண்டர் படையில் சேர வயது ஒரு தடையல்ல என்று அதில் சொன்னார்கள். உடனே மனுப் போட்டார். 1966-ல், 68 வயதில், மராத்தி பாஷை படித்துக்கொண்டு பம்பாய்க்கு அருகே விக்ரோலிக்கு வந்து சேர்ந்தார். முதலில் கொடுத்த வேலை அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. பின்பு அங்கிருந்த வைத்தியசாலையில் நர்ஸாகத் தம் கைத்தொழிலையே செய்தார். நோயாளிகளில் குஷ்டரோகிகளும் இருந்தனர். 1968-ல் இங்கேயே 70 வயது நிறைந்து, அந்த வருஷமே ஊர் திரும்பினார். எட்டு வருஷத்துக்குப் பின் அவர் மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதுதான் உலகம் அந்தக் கிழவியைத் திரும்பிப் பார்த்தது. விக்ரோலியில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் யாருடைய தாயாருமல்ல, ஒரு வயசான நர்ஸ், அவ்வளவே.

ஆக, வயது மாத்திரம் கதவை மூடிவிடுவதில்லை. இன்றும் அந்தத் தொண்டர் படைக்கு உச்ச வயது என்று ஒன்று கிடையாது.

கேள்வியின் முள் வேறிடத்தில் இருக்கிறது. அந்த அடுப்படிக்குப் போன மனைவியிடத்தில் இருக்கிறது.

பிறர் சிநேகத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலில் விஸ்தாரமாக எழுதுகிறார். எல்லாரையும் சிநேகிக்கக் கடமைப்பட்டிருந்தாலும், எல்லாருக்கும் ஒரே அளவில் உபகாரம் செய்ய மனிதனால் ஆகாது. நமக்கு நெருங்கியவர்களுக்கே நம்மிடத்தில் முதல் உரிமை. தாய் தகப்பன், மனைவி மக்கள், ஊரார், பிறகு தூரத்தார் என்று போகிறது வரிசை. இதைப் படித்தவுடன் நம் பிள்ளைகள், "பார்த்தீர்களா அப்பா, வீட்டிலேயே இருங்கள்" என்பார்கள். அவசரப்படக்கூடாது. அதே அர்ச்சியசிஷ்டவர் இன்னும் சில பக்கங்கள் தள்ளி வேறொன்றும் சொல்கிறார். ஒரு அந்நியன் மிகக் கொடிய அவசரத்தில் இருந்து, நம் தகப்பனாருக்கு அப்படிப்பட்ட அவசரம் இல்லையென்றால், அந்தச் சமயத்தில் அந்நியனுக்கே முதலில் உதவ வேண்டியதாகலாம். உறவின் நெருக்கம் ஒரு பக்கம், தேவையின் கொடுமை மறுபக்கம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பது புத்தியுள்ளவன் வேலை. அதற்குச் சூத்திரம் எழுதிக்கொடுக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அப்படியானால் வீட்டில் உண்மையான தேவை என்ன, வெறும் வழக்கம் என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தொண்ணூறு வயதுத் தாயாரை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு ஜாம்பியாவில் அனாதைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போகிறவரைப்பற்றி நம் ஆண்டவர் என்ன சொல்வார் என்று அறிய வெகுதூரம் போகவேண்டாம். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை 'கொர்பான்', அதாவது கோவிலுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தாரென்று மாற்கு சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவனுக்குக் கொடுத்தேன் என்ற பெயரில் பெற்றோரை ஏமாற்றுவது பழைய தந்திரம். விமானம் ஏறிச் செய்தாலும் அது அதே தந்திரந்தான்.

கணவன் மனைவி விஷயத்தில் இன்னும் தெளிவு. விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தால் கட்டுண்ட இருவரில் ஒருவர், மற்றவரின் மனப்பூர்வமான சம்மதமில்லாமல் இரண்டு வருஷம் பிரிந்துபோக உரிமையில்லை. 'ஏதோ உங்க இஷ்டம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அது சம்மதமல்ல. நம் வீடுகளில் அம்மாமார் சம்மதத்தை எந்தக் குரலில் சொல்வார்கள், மறுப்பை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதுதான் வழக்கம். இருவரும் சேர்ந்தே போக முடியுமானால் அது வேறு.

ஆனால் பிள்ளைகள் கதை அப்படியல்ல. வளர்ந்து, சம்பாதித்து, தனிக்குடித்தனம் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனைத் தடுக்க என்ன அதிகாரம்? நாலாம் கற்பனை பிள்ளைகள் பெற்றோரைச் சங்கிக்கச் சொல்கிறதேயன்றி, பெற்றோர் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லவில்லை. மகன் தடுப்பதற்குக் காரணம் தகப்பனார்மேல் உள்ள கவலையானால் அதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். 'வயசான காலத்தில் பெற்றவரை ஊர் ஊராய் அனுப்பிவிட்டான்' என்று ஜனங்கள் பேசுவார்களே என்பதானால் அதற்கு அவ்வளவு கனமில்லை. வேலைக்குப் போகும் மருமகளுக்குக் குழந்தையைப் பார்க்கச் சம்பளமில்லாத ஆள் போய்விடுமே என்பதானால், அதை வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னால் கேட்கலாம், அதுவும் ஒரு தேவைதானே.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நம் பங்கிலேயே எத்தனை தாய்மார் மகள் பிரசவத்துக்கென்று அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், ஆறு மாசம் பனியிலும் தனிமையிலும் பாத்திரம் துலக்கி, பத்தியச் சமையல் செய்து, குழந்தையைத் தூங்கவைத்து, ஊர்ப் பேச்சுக்கு ஏங்கித் திரும்பி வந்திருக்கிறார்கள்! பாஷை தெரியாத தேசம், கூலி இல்லாத வேலை, வயசான உடம்பு. அந்நிய தேசத் தொண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? யாரும் அவர்களுக்கு மாலை போட்டு வழியனுப்பவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வழியனுப்பு விழா வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தாய்மாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் நல்லது.

சரி. வீட்டில் யாருக்கும் அவசரமில்லை, மனைவியும் முழுமனதோடு சம்மதித்தாள் என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் கடினமான கேள்வி வருகிறது. போகிற இடத்தில் நம்மை யார் கேட்டார்கள்?

இவான் இல்லிச் என்னும் சுவாமியார் வியன்னாவில் பிறந்து மெக்சிகோவில் குவெர்னவாக்கா நகரில் இருந்தவர். பாப்பரசர் 23-ம் அருளப்பர் காலத்தில், 1961-ல், வட அமெரிக்கக் குருக்களிலும் துறவிகளிலும் பத்தில் ஒரு பங்கினர் லத்தீன் அமெரிக்காவுக்குப் போகவேண்டும் என்ற அழைப்பு எழுந்தபோது, அதை எல்லாரும் கொண்டாட, இவர் மாத்திரம் சந்தேகித்தார். 1968-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய ஆயத்தமாயிருந்த அமெரிக்க வாலிபர்கள் கூட்டத்தில் பேச இவரை அழைத்தார்கள். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தவர்களை முகத்துக்கு நேரே திட்டினார். சுற்றிப் பார்க்கவோ கற்றுக்கொள்ளவோ வருவதில் தடையில்லை, உபகாரம் செய்கிறோம் என்ற எண்ணத்தோடு வரவேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று என்னை வெகுநாள் உறுத்தியது. உங்கள் ஊர் ஏழையிடம் போனால், 'உன் உபகாரம் வேண்டாம், போ' என்று அவன் சொல்வதாவது உங்களுக்குப் புரியும். பாஷை தெரியாத ஊரில் அவன் அதைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காது, சிரித்துக்கொண்டு நிற்பீர்கள்.

அவர் சொன்னது முழுவதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழைக்கப்படாமல் போகிறவனுக்குப் பொருந்துவதை, அழைக்கப்பட்டுப் போகிறவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சாட்டையடி வேண்டியதுதான். தொண்டு என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கான மைல் பறந்துபோய் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஊரில் அந்த வேலையைச் செய்து கூலி வாங்கவேண்டிய தொழிலாளி வேலையின்றி வேலியருகே நின்று பார்க்கிறான். விமான டிக்கெட்டுப் பணத்தில் அவனுக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம்! நீதி முதலில், தர்மம் பிறகு. கூலிக்காரன் வாயில் மண்ணைப் போடுகிற தர்மம் தர்மமாகாது.

கம்போடியா தேசத்தில் நடந்தது இன்னும் துக்கமானது. அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக் கொஞ்சிவிட்டுக் காணிக்கை கொடுக்க அந்நியர்கள் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். வர வர அனாதை இல்லங்களும் பெருகின. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள் என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. பிள்ளைகளைப் பார்க்க வரும் இரக்கமுள்ளவர்களுக்காகப் பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்து வைத்ததுபோல் ஆயிற்று. வந்தவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மிகச் சிலரே. மற்றவர்களெல்லாம் நம்மைப்போல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் இளகினவர்கள். இதைப் படித்த நாள் முதல், இளகின மனசு ஒன்றே போதும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை நம் நாட்டிலேயே காட்டலாம். நாம் பெற்றுக்கொண்ட பக்கத்திலும் இருந்தவர்களல்லவா? பெல்ஜியம் தேசத்து டாக்டர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் காங்கோவில் பல வருஷம் குஷ்டரோகிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1955-ல், ஐம்பது வயது தாண்டிய பின், செங்கல்பட்டுப் பக்கத்தில் போலம்பாக்கத்துக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரி கட்டி நோயாளிகளை வரச்சொல்லி உட்கார்ந்திருக்கவில்லை. குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு வைத்தியர்களே போனார்கள். சாலையோரத்து மரநிழலே ஆஸ்பத்திரியாயிற்று. நோயாளிக்கு வீட்டையும் வேலையையும் விட்டுப்போக வேண்டியதில்லை. பின்னர் அந்த வேலையை டாக்டர் கிளேர் வெலூட் அம்மையார் ஏற்று நடத்தினார். அவர் இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்டார். ஹெமரிக்ஸ் டாக்டரிடம் ஒரு தொழில் இருந்தது, அந்தத் தொழில் தேவையாயிருந்த இடமும் இருந்தது, தாம் நகர்ந்த பின்னும் வேலை நிற்காதபடி ஏற்பாடும் இருந்தது. வயசான தொண்டருக்கு வாலிபனைவிட மேலான ஒரு சௌகரியம் உண்டென்றால் இதுதான். வாலிபன் தன்னைத் தேடிக்கொள்ளப் போகிறான். நாற்பது வருஷம் ஒரு தொழிலில் கை பழகினவர், அந்தக் கையை யாருக்காவது கொடுக்கப் போகலாம்.

ஆகவே நம் கணக்கு வாத்தியாருக்கு ஒரு புத்தி சொல்வேன். அந்தக் கன்னியாஸ்திரியிடமே நேரில் கேளுங்கள். 'உங்களுக்கு யார் வேண்டும்? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளா, அல்லது அங்குள்ள வாலிப வாத்தியார்களைப் பழக்கிவிட ஆளா? எந்தப் பாஷையில் பாடம் நடக்கிறது? நான் திரும்பின பிறகு யார் செய்வார்கள்? நான் வராவிட்டால் அந்தப் பணத்தை என்ன செய்வீர்கள்?' கடைசிக் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கவனியுங்கள்.

உடம்பைப்பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. பக்தி மிகுதியால் இதை நாம் பேசுவதே இல்லை. ஆப்பிரிக்காவில் பல தேசங்களுக்குப் போக மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கவேண்டும். அங்கிருந்து திரும்பும்போது நம் நாட்டு அதிகாரிகளும் அந்தச் சீட்டைக் கேட்பார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த ஊசியை முதல்முறையாகப் போட்டுக்கொள்வதில் மற்றவர்களுக்கில்லாத அபாயம் கொஞ்சம் உண்டு. ஆகையால் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்யக்கூடாது. சர்க்கரை வியாதிக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், அந்த மாத்திரை அங்கே கிடைக்குமா என்று விசாரிக்கட்டும். காது மந்தமானவருக்குப் புதிய பாஷை எளிதில் வராது.

இது சுகாதாரப் பாடமல்ல, மனச்சாட்சிக் கேள்வி. ஏனென்றால் நீங்கள் விழுந்தால் உங்களைத் தூக்குகிறவர்கள் அந்த ஏழைகள்தான். முப்பது மைல் தூரத்து ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுபோக, அந்த ஊரில் இருக்கிற ஒரே வண்டியை எடுப்பார்கள். அன்றைக்குப் பிரசவ வேதனைப்படுகிற பெண்ணுக்கு வண்டி இராது. ஏழைகள் வயசானவர்களுக்கு மரியாதை செய்வதில் நமக்குக் குறைந்தவர்களல்ல. வீட்டில் ஒரே நாற்காலி இருந்தால் அது உங்களுக்கு. ஒரே கோழி இருந்தால் அதுவும் உங்களுக்கு. வேண்டாமென்றால் அவமதிப்பாகும், வாங்கினால் அவர்கள் பிள்ளைகளின் பங்கைச் சாப்பிட்டதாகும். தொண்டு செய்யப் போய் தொண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம்!

இத்தனையும் எழுதின பிறகு, என் நியாயங்களையெல்லாம் ஒரு கிழவி வந்து கலைத்துவிடுகிறாள். அந்தக் கதையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

அர்ச். ரோஸ் பிலிப்பின் துஷேன் அம்மாள் 1769-ல் பிரான்சு தேசத்தில் கிரெனோபிள் நகரில் பிறந்தவர். சிறுவயது முதலே அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு வேதம் போதிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பிரெஞ்சுக் கலகத்தில் அவர் சேர்ந்திருந்த மடம் கலைக்கப்பட்டது. பின்பு 1804-ல் அர்ச். மதலேன் சோபி பராத் அம்மாளின் திரு இருதய சபையில் சேர்ந்தார். ஆசை நிறைவேறக் காத்திருந்து, 1818-ல், 48 வயதில், கப்பலேறினார். அங்கே போயும் பூர்வகுடிகளிடம் அனுப்பவில்லை. மிஸூரி மாகாணத்தில் செயின்ட் சார்ல்ஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார்கள். குளிரிலும் தரித்திரத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தார். ஆங்கிலம் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

1841-ல் சேசுசபைக் குருக்கள், கான்சாஸ் பிரதேசத்தில் சுகர் கிரீக் என்ற இடத்தில் இருந்த பொட்டவாட்டமி ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கக் கன்னியரைக் கேட்டார்கள். அந்த ஜனங்களின் துயரம் சொல்லி முடியாது. 1838-ல் அமெரிக்க அரசாங்கத்தார் அவர்களை இந்தியானாவிலிருந்த சொந்த நிலத்தைவிட்டுத் துப்பாக்கி முனையில் துரத்தி, சுமார் 660 மைல் நடக்க வைத்தார்கள். வழியில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள்; அதிகம் பேர் குழந்தைகள். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போகத்தான் துஷேன் அம்மாள் ஆயுசெல்லாம் காத்திருந்தார். ஆனால் இப்போது அவருக்கு வயது 71. நோயாளி. இவரை எப்படி அழைத்துப்போவது என்று மற்றவர்கள் தயங்கினார்கள். பயண ஏற்பாடு செய்த வெர்ஹேகன் சுவாமியார் மாத்திரம், இவரைக் கட்டாயம் கூட்டிப்போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேலை செய்யாவிட்டால் போகிறது, ஜெபம் செய்வாரே என்றார்.

நம் தராசில் வைத்துப் பாருங்கள். பாஷை தெரியாது. பொட்டவாட்டமி பாஷையைப் படிக்க முயன்றும் வரவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது. உடம்பில் பலமில்லை. இல்லிச் சுவாமியார் அன்றிருந்தால் படகிலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பார்; நானும் அவருக்குத் துணைநின்றிருப்பேன். மற்றக் கன்னியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் கோவிலில் முழந்தாளிட்டிருந்தார். காலையில் பல மணி நேரம், மாலையில் பல மணி நேரம். பிள்ளைகள் மெல்லப் பின்னால் வந்து, அவர் அங்கியின் தொங்கலில் சோளமணிகளை வைத்துவிட்டுப் போவார்களாம். வெகுநேரங்கழித்து வந்து பார்த்தால் மணிகள் வைத்தபடியே இருக்குமாம். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். எப்போதும் ஜெபிக்கிற பெண் என்று அந்த ஜனங்கள் அவருக்குப் பேரிட்டார்கள்.

இதில் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நிலத்தை இழந்து, குழந்தைகளை வழியில் புதைத்துவிட்டு வந்த ஜனங்கள் அவர்கள். அவர்களைத் தேடி வந்த வெள்ளையர் எல்லாரும் ஏதோ ஒன்று வேண்டியே வந்தார்கள்: நிலம் வேண்டி, தோல் வேண்டி, கையெழுத்து வேண்டி. இந்தக் கிழவி ஒன்றும் வேண்டாமல், ஒன்றும் செய்யவும் முடியாமல், அவர்கள் நடுவில் முழங்காலில் இருந்தாள். அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள், பேர் வைத்தார்கள். பேர் வைப்பது ஏற்றுக்கொள்வதன் அடையாளமல்லவா? பிரயோசனம் என்று நாம் சொல்வது அவர்கள் கணக்கில் வேறாக இருந்திருக்கலாம்.

அதற்காக எல்லாரும் எதுவும் தெரியாமலே புறப்படலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துஷேன் அம்மாள் தாமாகப் போகவில்லை; அந்த ஜனங்களின் குருவானவர் கேட்டார், மேலதிகாரிகள் அனுப்பினார்கள். பள்ளிக்கூட வேலையை மற்றவர்கள் பார்த்தார்கள். தம்மால் அது கெடும்படி அவர் நடுவில் நிற்கவில்லை. தம்மால் முடியாததை முடியும் என்று அவர் காட்டிக்கொள்ளவுமில்லை. இந்த மூன்றும் உள்ளவரிடம் நான் பேச ஒன்றுமில்லை.

ஒரே வருஷந்தான். 1842-ல், குளிர் தாங்காமல் உடம்பு தளர்ந்துவிட்டதைக் கண்டு, திரும்பி வரும்படி மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஆயுசெல்லாம் கொண்டிருந்த ஆசைக்கு ஒரு வருஷம். அவர் போக விரும்பவில்லை; ஆனாலும் கீழ்ப்படிந்தார். முதிர்ந்த வயதில் உன்னை வேறொருவன் இடுப்புக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற கருத்தில் நம் ஆண்டவர் அர்ச். இராயப்பரிடம் பேசினது அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. புறப்படுவதற்கு ஆயத்தமாகிற நம் வாத்தியார், திரும்பி வரச்சொல்லும் கடிதத்துக்கும் ஆயத்தமா என்று இப்போதே தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

துஷேன் அம்மாளுக்குச் செயின்ட் சார்ல்ஸ் மடத்தில், கோவிலுக்கு அருகே மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். அங்கே இன்னும் பத்து வருஷம் இருந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பிரான்சிலிருந்து பராத் அம்மாளின் கடிதம் வருமா வருமா என்று பார்த்திருப்பார். 1852-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி இறந்தார். 1988-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். அந்த மாடிப்படிக்கு அடியிலிருந்து அவர் சுகர் கிரீக் ஜனங்களுக்காக வேண்டிக்கொள்வதை மாத்திரம் ஒருநாளும் நிறுத்தவில்லை.